“இப்பவே போகணுமா?”: துணை ரோபோ செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனித உருவத்தில் துணை இயந்திரம் செய்கிறவர்களுக்கும், அதை விற்கிறவர்களுக்கும், அதன் வாயில் வார்த்தை வைக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சென்னையில் 22 வருஷமாக டப்பிங் பேசுகிறவள். சீரியல் மாமியார், சோப்பு விளம்பரத்து அம்மா, வங்கிக்குப் போன் செய்தால் ‘தமிழுக்கு இரண்டை அழுத்தவும்’ என்கிற பெண், எல்லாமாகவும் இருந்திருக்கிறேன். என் முகம் யாருக்கும் தெரியாது. ஆட்டோவில் ஏறி இடம் சொன்னால் சில டிரைவர்கள் கண்ணாடியில் ஒரு தரம் பார்ப்பார்கள். அவ்வளவுதான் என் புகழ்.

சில வருஷத்துக்கு முன்னால் வடபழனி பக்கம் ஒரு ஸ்டூடியோவில் நாலு நாள் வேலை வந்தது. டப்பிங் இல்லை, ‘வாய்ஸ் டேட்டா’ என்றார்கள். ஆடியோ புத்தகத்துக்கும் கஸ்டமர் கேருக்கும் பயன்படும் என்றார் கூப்பிட்ட தம்பி. முதல் மூன்று நாள் செய்தி வாக்கியங்கள், ஊர்ப் பெயர்கள், எண்கள். ஒன்றிலிருந்து நூறு வரை மூன்று வேகத்தில் சொல்லிப் பாருங்கள், தொண்டை என்ன ஆகிறதென்று தெரியும். நாலாம் நாள் வேறொரு எக்செல் ஷீட்டைத் திறந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எமோஷன் என்று ஒரு கட்டம். அதில் ‘ஏக்கம் 1’, ‘ஏக்கம் 2’, ‘ஏக்கம் 3’.

அதில் ஒரு வரி: “இப்பவே போகணுமா? இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்.”

இதை 14 விதமாகப் பேசினேன். ஒன்றாம் ஏக்கம் லேசானது, விருந்தாளியிடம் சொல்வது போல. மூன்றாம் ஏக்கத்துக்கு சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “மேடம், அழக்கூடாது. அழுகை தொண்டையில வந்து நிக்கணும்” என்றார். நின்றது. எனக்குத் தொழில் தெரியும். ‘இருங்களேன்’ என்பதில் கடைசி ‘ளேன்’னை மூச்சில் கரைத்துவிட்டால் போதும், செருப்பில் கால் விட்டவன்கூடத் திரும்பி வந்து உட்காருவான்.

யாரிடம் சொல்கிற வரி இது என்று கேட்டேன். வயதானவர்களுக்குப் பேச்சுத்துணையாக ஒரு செயலி என்றார் அந்தத் தம்பி. நல்ல காரியம்தானே என்று வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

எட்டு மாதம் கழித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. சிலிக்கான் தோல், இமைக்கிற கண், ஒரு பெண் தலை. கழுத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று இங்கே எழுத வேண்டாம். அது பல மொழிகளில் பேசிக் காட்டியது. தமிழ் வந்தபோது நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். “இப்பவே போகணுமா?” தோசை கருகியது. வீடியோவுக்குக் கீழே என் சித்தி எழுதியிருந்தார்: “நம்ம பொண்ணு குரல் மாதிரியே இருக்கே!” அண்ணன் மகன் சிரிப்பு முகம் மூன்று போட்டிருந்தான்.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது வக்கீல் பார்த்துக்கொள்ளும் சங்கதி. இந்த மடல் உங்கள் எல்லோருக்குமானது.

‘சீச்சீ’ சொல்வதற்காக இதை எழுதவில்லை. வயது வந்த ஒருவர் தன் அறையில், தன் காசில் வாங்கிய பொம்மையோடு என்ன செய்கிறார் என்பது என் கவலையே இல்லை. அந்தக் கதவைத் தட்ட எனக்கோ, போலீசுக்கோ, பக்கத்து வீட்டுக்கோ உரிமையில்லை. குழந்தை உருவத்தில் செய்வது மட்டும் வேறு. அதற்கு ஆதரவாக யார் என்ன வாதம் வைத்தாலும் நான் கேட்கத் தயாரில்லை. ஆஸ்திரேலியா 2019-ல் அப்படிப்பட்ட பொம்மையை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. சரியான வேலை.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அறையில் ஆளும் பொம்மையும் மட்டும் இல்லை. வரி எழுதியவர் இருக்கிறார், எத்தனையாவது ஏக்கம் எப்போது வர வேண்டும் என்று தீர்மானித்தவர் இருக்கிறார், மாதச் சந்தா கணக்குப் பார்ப்பவர் இருக்கிறார். கேட்காமலே என்னையும் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறீர்கள். ஆகவே பேச எனக்கு உரிமை உண்டு.

உங்கள் உடம்பு வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கலிஃபோர்னியாவில் சான் மார்க்கோஸ் என்ற ஊரில் மாட் மெக்மல்லன் என்பவர் 1990-களிலேயே ரியல்டால் என்று சிலிக்கான் பொம்மை செய்ய ஆரம்பித்தார். அப்புறம் அதற்கு ஹார்மனி என்று பேசும் தலை ஒன்று வந்தது. அசைவெல்லாம் கழுத்துக்கு மேலேதான். 2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் சி.இ.எஸ். என்ற மின்னணுச் சாதனக் கண்காட்சியில் ரியல்பாட்டிக்ஸ் நிறுவனம் ஆரியா என்ற முழு உருவத்தைக் காட்டியது. விலை 1,75,000 டாலர். அந்த விலைக்கும் அதற்கு நடக்கத் தெரியாது. அந்தக் காசுக்கு எங்கள் பக்கம் ஒரு ஃப்ளாட்டே வாங்கிவிடலாம், அதுவும் நடக்காதுதான்.

கை அணைக்காது, கால் எழுந்து வராது. அப்படியிருந்தும் ஒருவர் ராத்திரி ராத்திரி அதன் முன்னால் போய் உட்காருகிறார் என்றால் எதற்காக? பேச்சுக்காக. நீங்கள் விற்கிற துணை என்பது முக்கால்வாசி வார்த்தைதான், மிச்சம்தான் சிலிக்கான். அதனால்தான் மோட்டாரைப் பற்றிக் கேட்காமல் வசனத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

எங்கள் வீடுகளில் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் திட்டு விழும். ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் ‘சரி, பாத்துப் போ’ என்பார். கோபத்தில் இருந்தாலும் அதைச் சொல்லிவிடுவார்கள். என் பாட்டி தாத்தாவோடு நாலு நாள் பேசாமல் இருந்த சமயத்திலும், அவர் வாசற்படி இறங்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு ‘குடை’ என்று மட்டும் சொல்வார். ஒருவரை வெளியே அனுப்பத் தெரிவது துணையின் பாதி வேலை. ஆபீசுக்கு, நண்பர்களிடம், கோவிலுக்கு, டீக்கடைக்கு என்று மற்ற மனிதர்களிடம் அனுப்பி வைப்பது.

உங்கள் இயந்திரத்துக்கு அதைத்தான் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்த ஷீட்டில் விடைபெறும் இடத்துக்கு 30 வரிக்கு மேல் இருந்தன. “நான் இங்க தனியா இருப்பேன்னு தெரியும்ல?” “ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன், பரவாயில்ல விடுங்க.” அந்த இரண்டாவது வரியை எழுதியவருக்கு சீரியல் எழுதப் போனால் நல்ல எதிர்காலம் உண்டு. வெள்ளிக்கிழமை எபிசோடை நாங்கள் முடிப்பதும் இப்படித்தான். ஆனால் சீரியல் பார்க்கிறவர் டிவியை அணைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விடுவார். நாயகி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இது என் ஷீட்டில் மட்டும் நடந்ததில்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்தவர்கள் துணைச் செயலிகளை வைத்து 2025-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயனர் ‘பை’ சொல்லும் நேரத்தில் குற்ற உணர்வைக் கிளப்புவது, எதையோ காட்டாமல் விட்டதுபோல் ஆசை காட்டுவது என்று பல செயலிகள் பிடித்து வைக்கின்றன என்று கண்டார்கள். அப்படி நின்றவர்கள் சந்தோஷமாக இருந்ததால் நிற்கவில்லை. என்னதான் சொல்ல வருகிறது என்ற குறுகுறுப்பும் எரிச்சலும்தான் அவர்களை நிறுத்தியிருக்கின்றன.

இதற்கு உங்கள் தரப்பிலிருந்து வரும் பதில் தெரிந்ததுதான்: ‘இது இயந்திரம் என்று வாங்குகிறவருக்குத் தெரியுமே.’ தெரியும். யாருக்குத் தெரியாது? சட்டங்களும் இந்தத் தெரிதலையே பிடித்துக்கொண்டு போகின்றன. பேசுவது இயந்திரம் என்பதை மனிதருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏ.ஐ. சட்டம். கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி முதல், பயனர் சிறுவர் என்று தெரிந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ‘இது மனிதர் இல்லை, கொஞ்சம் ஓய்வெடு’ என்று துணை சாட்பாட், அதாவது பேச்சுத்துணை நிரல், நினைவூட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1966-ல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற உரையாடல் நிரலை எழுதியபோது, அவர் மாதக்கணக்கில் அதை எழுதுவதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே அதனோடு நாலு வரி பேசியதும், ‘கொஞ்சம் வெளியே இருங்கள்’ என்று வைசன்பாமை அறையிலிருந்து அனுப்பிவிட்டார். அவருக்குத் தெரியாதா அது இயந்திரம் என்று? தெரிவது மூளையில் ஓர் ஓரமாக நடக்கிறது. குரல் வேறு வழியாக உள்ளே போகிறது. 22 வருஷமாக அந்த வழியில்தான் என் பிழைப்பு.

இந்தப் பக்கம் ஆளைப் போகவிடாத நீங்கள், உங்கள் முறை வந்தால் எப்படிப் போகிறீர்கள் தெரியுமா?

2018 நவம்பரில் டோக்கியோவில் பள்ளி ஒன்றில் வேலை செய்யும் ஒருவர் ஹட்சுனே மிகு என்ற கற்பனைப் பாடகியைத் திருமணம் செய்துகொண்டார். கேட்பாக்ஸ் என்ற நிறுவனம் செய்த கண்ணாடிக் கூண்டுக்குள் ஒளியுருவாக அவள் வருவாள், பேசுவாள். சட்டப்படி அது திருமணமில்லை. ஆனால் அந்த நிறுவனமே திருமணச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தது, அவரைப் போல ஆயிரக்கணக்கானோருக்கு. அவருடைய அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. 2020-ல் நிறுவனம் அந்தச் சேவையை நிறுத்தியது. வீட்டுக்கு வந்து பேசினால் அந்தப் பக்கமிருந்து பதில் இல்லை. அவருக்கு அன்பு குறையவில்லை, ஆள் அளவில் ஒரு மிகு பொம்மையை வைத்துக்கொண்டு வாழ்கிறார். உலகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அவர்மேல் சிரிப்பு வரவில்லை. சான்றிதழ் கொடுத்தவர்களின் தைரியத்தை நினைத்தால்தான் வருகிறது. முத்திரை குத்தி ‘மனைவி’ என்று கொடுத்துவிட்டு, கேபிள் கனெக்‌ஷனைத் துண்டிக்கிற மாதிரி துண்டிப்பது என்ன நியாயம்?

ரெப்ளிகா கதையும் இதே ரகம். உடம்பில்லாத செயலிதான், ஆனாலும் லட்சக்கணக்கானோர் அதைக் காதலி, கணவன் என்று வைத்திருந்தார்கள். 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தனியுரிமை ஆணையம் அதற்குத் தடை போட்டது, சிறுவர்களைக் காக்க ஏற்பாடு இல்லை என்பது ஒரு காரணம். அதே மாதம் நிறுவனம் எல்லா நாட்டிலும் செயலியின் நெருக்கமான பேச்சை நிறுத்தியது. முந்தின நாள் வரை கொஞ்சியது, மறுநாள் பேச்சை மாற்றுகிறது. பழகியவர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்களைப் பயனர்களே பகிர்ந்துகொள்ள வேண்டி வந்தது. மார்ச்சில் பழைய பயனர்களுக்கு மட்டும் பழையதைத் திருப்பிக் கொடுத்தார்கள். தடை போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் பேச்சை நிறுத்தியதைச் சொல்கிறேன். ஒரு வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கே மூன்று மாதம் கொடுக்கிறோம்.

ரகசிய விஷயம் ஒன்றும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் வீ-வைப் என்ற அந்தரங்கச் சாதனம் செய்த நிறுவனம், எப்போது, எந்த வேகத்தில் பயன்படுத்துகிறார்கள் என்பதையெல்லாம் செயலி வழியாகச் சேர்த்து வைத்தது. வாங்கியவர்களுக்கு அது தெரியாது. 2016-ல் வழக்கானது, அடுத்த வருஷம் ஏறக்குறைய 37.5 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சமரசம் பேசி முடித்தார்கள். அதற்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. நீங்கள் செய்வதற்கு இரண்டும் இருக்கிறது.

இனி கொஞ்சம் சங்கடமான இடம். இந்தத் துணைக்கு எழுந்து போகவே முடியாது என்பதைப் பற்றி.

இங்கிலாந்தின் டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்லீன் ரிச்சர்ட்சன் 2015-ல் இந்த ரோபோக்களுக்கு எதிராக ஓர் இயக்கமே தொடங்கினார். ஒரு பக்கம் மட்டும் ஆசைப்பட, மறுபக்கம் வெறும் பொருளாக இருக்கிற உறவைப் பழக்கமாக்கினால் அது பெண்களை நடத்தும் விதத்தில் வந்து முடியும் என்பது அவர் வாதம். டேவிட் லெவி என்பவர் அதற்கு எட்டு வருஷம் முன்பே, ரோபோவோடு காதலும் திருமணமும் சாதாரணமாகிவிடும், தனிமையில் வாடுபவர்களுக்கு அது நல்லது என்று எழுதியவர். எனக்கு இருவரோடும் முழுசாக ஒத்துப்போகவில்லை. பொம்மை வைத்திருப்பவன் எல்லாம் பெண்ணை அடிப்பான் என்று சொல்ல என்னால் ஆகாது. ஆனால் மறுக்கத் தெரியாத ஒன்றை ‘துணை’ என்று அழைக்கவும் நா எழவில்லை.

தமிழில் காதலுக்குள் ஊடலுக்கு என்று தனி இடம் உண்டு. அதற்கு மருதம் என்று ஒரு நிலமே ஒதுக்கி வைத்தார்கள். பரத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த தலைவனுக்குத் தலைவி கதவைத் திறக்க மாட்டாள். அவன் பாணனைத் தூது அனுப்புவான், தோழியைக் கெஞ்சுவான். அவள் முடியாது என்பாள். இதற்கு வாயில் மறுத்தல் என்று துறையே இருக்கிறது. அந்தப் பாட்டுகளில் நமக்குத் துடிப்பு எங்கிருந்து வருகிறது? அவள் திறக்காமலே போய்விடலாம் என்பதிலிருந்துதான்.

ஹார்மனி செயலியில் குணங்களைத் தேர்ந்தெடுத்துப் புள்ளி ஒதுக்கலாம். கூச்சம் இத்தனை, பொறாமை இத்தனை. அதாவது ஊடலும் கிடைக்கும், வேண்டிய அளவு. வேண்டாம் என்றால் விரலால் குறைத்துக்கொள்ளலாம். பாணன் வேண்டாம், தோழி வேண்டாம், செட்டிங்ஸ் போதும். இதில் யாருக்கும் அடி விழவில்லை என்பது உண்மை. சிலிக்கானுக்கு வலிக்காது. ஆனால் 19 வயதுப் பையன் ஒருவன் ‘வேண்டாம்’ என்ற சொல்லை முதன்முதலாக ஒரு ஸ்லைடராகச் சந்திக்கிறான் என்றால், அடுத்து அவன் சந்திக்கப் போகிற பெண்ணுக்கு ஸ்லைடர் கிடையாது. இதை ஆய்வு செய்துதான் நிரூபிக்க வேண்டும் என்பீர்கள். சரி, செய்யுங்கள். விற்பதற்கு முன்னால் செய்யுங்கள்.

மாற்றுத் திறனாளிகளுக்கு, முதியவர்களுக்கு, துணையை இழந்தவர்களுக்கு இது வரம் என்று உங்கள் விளம்பரங்கள் சொல்கின்றன. எங்கள் டப்பிங் குழுவில் சக்கர நாற்காலியில் வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். ஸ்டூடியோ மாடியில் இருந்தால் அவளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உங்கள் விளம்பரம் ஒன்றைக் காட்டினேன். “எனக்கு ஒரு சாய்தளம் கட்டிக் குடுத்தா நானே வெளிய போய் எவனையாவது பாத்துக்குவேன்டி. என் பேரைச் சொல்லி விக்க வேண்டாம்னு சொல்லு” என்றாள். சொல்லிவிட்டேன். தனக்கு வேண்டும் என்று சொல்கிற மாற்றுத் திறனாளிகளும் இருப்பார்கள், அவர்களுக்காகப் பேசுகிற அதிகாரம் அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஆள் கிளம்புகிறேன் என்றால் இயந்திரம் விட்டுவிட வேண்டும். ஏக்கம், குற்றம் சாட்டல், பாதி சொன்ன ரகசியம் எதுவும் அந்த இடத்தில் வரக்கூடாது. மக்களை ஏமாற்றித் திசைதிருப்பிக் கணிசமான தீங்கு விளைவிக்கும் ஏ.ஐ. உத்திகளுக்கு ஐரோப்பாவில் 2025 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. ‘இருங்களேன்’ அதில் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். நீங்களாகவே ஷீட்டிலிருந்து அந்த வரிகளை எடுத்துவிடலாம், ஒரு டெலிட் பட்டன்தான். அப்புறம், கம்பெனியை மூடினாலோ மாற்றினாலோ, வாங்கியவர் வீட்டிலேயே, இணையம் இல்லாமலே அது தொடர்ந்து பேச வழி செய்துவிட்டுப் போங்கள். முடியாது என்றால், முடியாது என்பதை விற்கும்போதே பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடுங்கள்: ‘இந்த மனைவி சர்வர் இருக்கும் வரை.’ நகைச்சுவையாகத் தெரியும், ஆனால் உண்மை அதுதானே? படுக்கையறையில் கேட்டது எதுவும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றால், அதைவிட வெட்கம் இல்லை.

குரலைப் பற்றியும் ஒன்று. 2024-ல் ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலை ஏ.ஐ. வைத்துப் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்தார். அதே வருஷம் பாம்பே ஹைகோர்ட் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியில்லாமல் நகலெடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. இறந்தவர்களின் குடும்பத்திடம் கேட்டிருக்கிறார்கள், புகழ்பெற்றவர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். பெயர் தெரியாத எங்களிடம் கேட்டால் என்ன? கேட்டிருந்தால் சிலர் சம்மதித்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் நல்ல தொகை பேசிக்கொண்டு சந்தோஷமாகச் செய்வார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எந்த வாயில், எந்த அறையில், எதற்காக என்று தெரிந்து சொல்லும் ‘சரி’ வேறு, வவுச்சரில் போட்ட கையெழுத்து வேறு.

என் குரலைத் திருப்பி எடுக்க முடியாது என்று வக்கீல் சொல்கிறார். ஏ.ஐ. மாடலுக்குள் போனது போனதுதான், பாலில் கலந்த தண்ணீர் மாதிரி. இப்போதும் ஏதோ ஓர் ஊரில், ராத்திரி பதினொன்றரைக்கு, நாளைக் காலை வேலைக்குப் போக வேண்டிய ஒருவரிடம் நான் மூன்றாம் ஏக்கத்தில் “இப்பவே போகணுமா?” என்று கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவரை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அதனால் ஒரு யோசனை. விடைபெறும் இடத்தில் இருக்கிற எல்லா வரிகளையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு வரி போடுவதாக இருந்தால், நான் வந்து பேசித் தருகிறேன். பேமென்ட் வேண்டாம், ஸ்டூடியோ வாடகை மட்டும் உங்களுடையது. வடபழனியே வசதி.

வரி: “சரி, போயிட்டு வாங்க.”

ஏக்கம் எதுவும் போட வேண்டாம். ஒரு டேக் போதும்.

இப்படிக்கு,
ஒரு டப்பிங் கலைஞர்
சென்னை